மணிக்கட்டைப் பிடித்தவள்

அந்தப் பிடியை முதன்முதலில் பார்த்தபோது நானும் தப்பாகத்தான் நினைத்தேன்.

பூந்தமல்லியில் அந்த அரசு தொடக்கப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம். காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு பையன் வீறிடும் சத்தம். முதல் நாள் அழுகைகள் எனக்குப் பழக்கம்தான். இது வேறு மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தேன். துப்புரவுப் பணியாளர்களின் பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண், ஒற்றைக் காலில் மட்டும் செருப்பு இருந்த ஒரு பையனை மணிக்கட்டில் பிடித்து இழுத்து வந்துகொண்டிருந்தாள். கதவில் விரல் மாட்டிக்கொண்டவன் மாதிரி அவன் துடித்துக்கொண்டிருந்தான்.

“டீச்சர், இவன சேத்துக்கோ.”

“பேர் என்ன?”

“யாருக்குத் தெரியும்? அவனயே கேளு.”

“நீங்க அவனுக்கு என்ன வேணும்?”

“நானா? ஒண்ணும் வேணாம்.”

“அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?”

“இனிமே தெரியும்” என்று சொல்லிவிட்டு, வாசலில் நிறுத்தியிருந்த குப்பை வண்டியில் ஏறிப் போய்விட்டாள். பேட்டரி வண்டி அது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று யாரோ ஒரு பெண் பதிவு செய்து வைத்த குரலில் பாடிக்கொண்டே தெருமுனையில் திரும்பியது. நான் அந்தப் பையனின் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் நான்கு விரல்களின் சிவப்பு.

“இதெல்லாம் இங்க சகஜம்” என்றார் தலைமையாசிரியை. “நம்ம ஸ்கூல்ல பாதிப் பேர் இந்தம்மா கொண்டாந்து விட்டவங்கதான்.”

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஒடிசலான உடம்பு. கை மட்டும் உடம்புக்குப் பொருத்தமில்லாமல் பெரியது. பகல் வேளையில் தெருவில் ஒரு பிள்ளை சும்மா நிற்பதை அவளால் பார்க்க முடியாது. பார்த்துவிட்டால் வண்டி நிற்கும். பரோட்டாக் கடையில் தட்டு கழுவும் பிள்ளை, பஸ் டெர்மினஸில் பூச்சரத்தை ஏந்திக்கொண்டு ஓடும் பிள்ளை, மெட்ரோ தூணுக்குக் கீழே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளை, எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். எதிரே போய் நிற்பாள். “கைய தூக்கு” என்பாள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வாள். வயதுச் சான்று இல்லாத காலத்தில் பள்ளிக்கூடங்களில் பிள்ளையைச் சேர்த்த முறை அது. விரல் காதில் பட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. பட்டால் விடமாட்டாள். விரல் எட்டவில்லை என்றால், “அடுத்த வருசம் வரேன்” என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த “வரேன்” அன்பாகச் சொல்வதா மிரட்டலா என்று பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, எனக்கும் தெரிந்ததில்லை.

தெரியாத ஒருத்தி உங்கள் பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்ப்பதை நீங்கள் மாடியிலிருந்து பார்த்தால் என்ன நினைப்பீர்கள்? அந்தக் கேள்வி அப்போதே எனக்குள் இருந்தது. அவளிடம் கேட்டும் இருக்கிறேன்.

“அப்பா அம்மாகிட்ட முதல்ல கேட்டுட்டுக் கூட்டிட்டு வாங்கக்கா.”

“கேட்டா அனுப்ப மாட்டாங்க டீச்சர். இன்னிக்கு இல்ல நாளைக்கின்னுவாங்க. நாளிக்கி கேட்டா ஊருக்குப் போறோம்னுவாங்க. பெரியவரு கேட்டதே இல்ல.”

பெரியவர் என்று அவள் சொன்ன மனிதரை நான் பார்த்ததில்லை. அவள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே அந்தப் பக்கத்து வயல்காட்டுக் குடியிருப்புகளில் சைக்கிளில் சுற்றியவர். எங்கள் பள்ளி நிற்கிற இடம் அப்போது புறம்போக்கு. அங்கே காசு வாங்காத ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று வருடக் கணக்கில் மனுக் கொடுத்து, நிலக்காரர்களோடு மல்லுக்கட்டி, அரசாங்கத்தைத் திறக்க வைத்தவர் அவர்தான். திறந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. கூலிக்காரர்கள் பிள்ளையை அனுப்பாவிட்டால் வயலுக்கே போய் வரப்பில் உட்கார்ந்துகொள்வாராம். கிழவராகி, சைக்கிள் மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு வந்த காலத்தில்தான் அக்காவைப் பிடித்திருக்கிறார்.

ஒரு நாள் மதியம், சத்துணவு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது குழாயடியில் உட்கார்ந்து அதைச் சொன்னாள்.

“நான் வாத்து மேய்ச்சிக்கினு இருந்தேன். நிலத்துக்காரரு ஊட்டு வாத்து. இந்தக் கெழவரு வந்தாரு, காதத் தொடுன்னாரு, தொட்டேன். கப்புனு கையப் புடிச்சிட்டாரு. வாத்தெல்லாம் போச்சேன்னு நான் கத்தறேன். மனுசன் திரும்பிக்கூடப் பாக்கல. எங்கப்பன் பின்னாலயே ஓடியாந்து, சாமி, வாத்து காணாம போனா என் தோல உரிச்சிடுவாங்கன்னு அழுவறாரு. அதுக்கு அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? வாத்த நான் மேய்க்கிறேன், பொண்ண நீ அனுப்புன்னாரு. மேய்ச்சாரு டீச்சர். சாயங்காலம் ஸ்கூலு வுட்டு வந்து பாக்கறேன், வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு சேத்துல நிக்கிறாரு.”

எட்டாவதுவரை படித்தாள். அவளுக்கு முன்னால் அவள் வீட்டில் ஒருவரும் கையெழுத்துப் போட்டதில்லை. பெரியவர் செத்த அன்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் பாடையின் பின்னால் ஓடினார்களாம். “அதுக்கப்புறம் பத்து வருசம் யாரும் புடிக்க வர்ல. நம்ம வயசுப் பசங்க எத்தினி பேரு திரும்பியும் வேலைக்குப் பூட்டாங்க தெரியுமா? யாராச்சும் புடிக்கணும் இல்ல?”

இலவசம் என்ற சொல்லை அவள் எதிரில் சொல்லிவிடக் கூடாது. கரையான்சாவடிப் பக்கம் புதிதாக வந்த ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு பெண் தன் வீட்டு வேலைக்காரம்மாவிடம், “அந்த ஃப்ரீ ஸ்கூல்ல போட்டா என்ன வரும்?” என்று கேட்டிருக்கிறாள். அக்கா குப்பை வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்: “ஃப்ரீயா? தோ இந்த ரோடு ஃப்ரீயா? நீ நடக்கிற இல்ல? அது பொது. ஸ்கூலும் பொது. யாரோ குடுத்த பிச்ச மாதிரி பேசாத.” அந்தப் பெண் குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தாள். துப்புரவு மேஸ்திரி அக்காவைக் கூப்பிட்டுத் திட்டினார். மறுநாள் அதே வாசலிலிருந்து, அதே வேலைக்காரம்மாவின் பிள்ளையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு அவள் எங்கள் பள்ளிக்கு வந்தாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் சிரிக்க முடியாத சில நாட்களும் உண்டு.

ஒரு தடவை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியைக் கொண்டுவந்து விட்டாள். அந்தப் பிள்ளையின் அம்மா ஆஸ்பத்திரிக்குள் போயிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மருந்துச் சீட்டு வாங்கத்தான் போயிருக்கிறாள். வெளியே வந்தால் பெஞ்சில் பிள்ளை இல்லை. டெர்மினஸ் முழுக்கத் தலைவிரி கோலமாகத் தேடிவிட்டு, யாரோ சொல்லிப் பள்ளிக்கு ஓடி வந்தாள். என் மடியில் படுத்திருந்த பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, வாசலில் நின்ற அக்காவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அக்கா அறையை வாங்கிக்கொண்டாள். கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

“அடிச்சிட்ட இல்ல? சரி. காய்ச்சல் வுட்டதும் அனுப்பு.”

அந்த அம்மாவின் முகத்தை நான் மறக்கவில்லை. கோபம் போய், அங்கே பயம் வந்திருந்தது. பைத்தியத்தைப் பார்க்கிற பயம்.

அக்காவின் மகன் டாக்ஸி ஓட்டுகிறவன். ஒரு நாள் பள்ளிக்கு வந்து, வண்டியை ஆஃப் பண்ணாமலே நின்று பேசினான். “நீங்களாச்சும் சொல்லுங்க டீச்சர். எங்கம்மா ஒரு நாளு செம்மையா மாட்டிக்கப்போவுது. முன்ன மாரி இல்ல இப்ப ஜனம்.”

அவன் சொன்னது சரிதான். ஜனம் மாறிக்கொண்டிருந்தது. மெட்ரோ வேலை தொடங்கிய பிறகு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பாதியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் கொட்டகைகள். இந்தப் பக்கம் வாரத்துக்கொரு அடுக்கு மாடி. அக்காவைத் தெரிந்தவர்கள் வாடகை கட்டுப்படியாகாமல் உள்ளே தள்ளித் தள்ளிப் போனார்கள். அவளுக்கும் வார்டை மாற்றிவிட்டார்கள். கரையான்சாவடியைத் தாண்டிப் புதுத் தெருக்கள். அங்கே அவள் வெறும் குப்பை வண்டிக்காரி.

அந்தக் கோடையில் ஃபோன்களில் அந்தக் குரல் வரத் தொடங்கியது. யாரென்று தெரியாத ஒரு ஆண் குரல். பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, பொம்பளைங்களும் இருக்கிறார்கள், முதலில் வந்து அளவெடுத்துக்கொண்டு போவார்கள், பிறகு தூக்குவார்கள், நல்லவர்கள் எல்லோரும் இதைப் பத்துப் பேருக்கு அனுப்பவும். எங்கள் பள்ளி அம்மாக்கள் என்னிடமே ஃபோனை நீட்டிக் கேட்க வைத்தார்கள். பொய் என்று சொன்னேன். “இருக்கட்டும் டீச்சர், நம்ம ஜாக்கிரதையா இருந்தா தப்பில்லையே” என்றார்கள். பள்ளி விட்டதும் வாசலில் பிள்ளைகளை அழைத்துப் போக முன்பெல்லாம் ஒருவர் இரண்டு பேர் வருவார்கள். இப்போது எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் பிள்ளைகளை மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வேகமாக நடந்தார்கள். ஆவடியில் சேலை விற்க வந்த ஒருவனைக் கட்டி வைத்து அடித்ததாகப் பேச்சு வந்தது. என் கணவரின் வேலைக்காக நாங்கள் இருந்த பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பிலும் சாயங்காலமானால் பிள்ளைகளை விளையாட விடவில்லை.

நான் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். “இந்த வருஷம் மட்டும் வேண்டாம். அளவெடுக்கிறாங்கன்னு பேசிக்கிறாங்க. நீங்க காதைத் தொடச் சொல்றதும் அப்படித்தானே தெரியும்?”

“என்னத் தெரியாதவன் இங்க எவன் கீறான்?”

“பூந்தமல்லில தெரியும். அந்தப் புதுத் தெருவுல?”

பச்சைக் கோட்டின் பொத்தான்களைப் போட்டாள். பிறகு கேட்டாள்: “ஒண்ணாப்புல எத்தினி பேரு சேந்துகீறாங்க?”

சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை வேறொன்றோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு அவள் காதுக்கும் போயிருந்தது. “பெரியவரு கட்டுன ஸ்கூலு” என்று மட்டும் சொன்னாள். போய்விட்டாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அந்த வருடம் அவள் பெற்றவர்களைக் கேட்காமல் ஒரு பிள்ளையையும் கூட்டி வரவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு யாரும் அதை நம்பவில்லை. மெட்ரோ கொட்டகையில் ஒரு ஒரியாப் பெண் இருந்தாள், ஏழு வயது மகளோடும் கைக்குழந்தையோடும். அக்கா வேலை முடிந்து பல நாள் அங்கே போயிருக்கிறாள். அவளுக்கு இந்தி தெரியாது, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஜாடையிலேயே பேசியிருக்கிறாள். எழுதுவது போல, சாப்பிடுவது போல, பெரிதாக வளர்வது போல. கடைசியில் அந்தப் பெண் சிரித்துவிட்டுத் தலையசைத்தாளாம். “பெரியவரே கேட்காதத நான் கேட்டுட்டேன் டீச்சர்” என்று என்னிடம் வந்து சொன்னாள். முகத்தில் அப்படி ஒரு வெட்கம். “நாளைக்குக் கூட்டியாறேன்.”

மறுநாள் காலை அந்த ஒரியாப் பெண் மகளுக்குத் தலை வாரி, சிவப்பு ரிப்பன் கட்டி, அக்காவின் வண்டியில் ஏற்றிவிட்டுத் தூணுக்கு மண் சுமக்கப் போய்விட்டாள். புதுத் தெருவுக்குள் வண்டி போகும்போது அந்தப் பிள்ளை தம்பியைக் கேட்டு அழுதிருக்கிறது. இறங்கப் பார்த்திருக்கிறது. அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ ஒரு மாடியிலிருந்து யாரோ அதைப் படம் எடுத்தார்கள்.

முதல் இடைவேளையில் எங்கள் சத்துணவு ஆயா ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். “டீச்சர், இது நம்ம அக்கா இல்ல?” பச்சைக் கோட்டு, குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே அழுகிற பிள்ளை, ஒரு கையால் வண்டி ஓட்டும் பெண். படத்தின் மேல் ஒரு ஆள் மூச்சு வாங்கப் பேசினான்: “குப்ப வண்டில கொழந்தையத் தூக்கினு போறா பாருங்க. கரையான்சாவடி மெயின் ரோடு பக்கம் போறா. யார்னா கீறீங்களா, மடக்குங்க.”

ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அக்காவின் நம்பரை அழைத்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மெயின் ரோட்டில் போக்குவரத்து நின்றிருந்தது. இறங்கி ஓடினேன். வண்டி கவிழ்ந்து கிடந்தது. அதன் ஒலிபெருக்கி மட்டும் நிற்காமல் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பாடிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குள் என்னால் நுழைய முடியவில்லை. இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். அக்கா தரையில் கிடந்தாள். அந்தப் பிள்ளை அவளுக்கு அடியில் இருந்தது. மணிக்கட்டு அவள் கையில்.

“கைய வுடுடி!”

“கூட்டத்துல மிதிச்சிடுவீங்கப்பா… வெலகுங்க, வுடறேன்…”

“உன் கொழந்தையா?”

“இல்ல.”

“பேரு இன்னா சொல்லு.”

அக்காவுக்குத் தெரியவில்லை. ஒரியாப் பெயர், வாயில் நுழையவில்லை என்று முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். அந்தப் பிள்ளையைக் கேட்டார்கள், அதற்குத் தமிழ் புரியவில்லை. “பாருங்க, வேற ஊருக் கொழந்த. ரிப்பன்லாம் கட்டி வுட்டு ஏமாத்திகீறா” என்றது ஒரு பெண் குரல். பிறகு ஒரு இரும்புக் கம்பி உயர்ந்ததைப் பார்த்தேன். அது இறங்கியது அவள் தலையில் இல்லை. கையில். பிடி விடும்வரை கையிலேயே.

“நான் டீச்சர்! அது எங்க ஸ்கூலுக்கு வர்ற பொண்ணு!” என்று கத்தினேன். அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினேன். எனக்கு முன்னால் நின்றவன் திரும்பினான். இருபத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் விபூதி, தோளில் ஆபீஸ் பை. வேலைக்குப் போகிற வழியில் இறங்கியிருக்கிறான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“நீயும் கூட்டா?”

அவன் என் முந்தானையைப் பிடித்த நேரம்தான் போலீஸ் வண்டியின் சைரன் கேட்டது. கூட்டம் கலைந்தது. எல்லோரும் ஓடவில்லை. பாதிப் பேர் நின்று, தாங்கள் செய்த நல்ல காரியத்தைப் போலீஸிடம் சொல்லக் காத்திருந்தார்கள். ஒரு நடுத்தர வயதுப் பெண் அந்தப் பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, “பயப்படாத கண்ணு, காப்பாத்திட்டோம், காப்பாத்திட்டோம்” என்று அழுதுகொண்டே முத்தம் கொடுத்தாள். பிள்ளை அவள் பிடியிலிருந்து திமிறி, தரையில் கிடந்த அக்காவைப் பார்த்துக் கதறியது.

அக்கா சாகவில்லை. விலா எலும்பு கூடியது. வலது கை கூடவில்லை. விரல்கள் மடங்குவதில்லை. சிலரைப் பிடித்தார்கள், சில வாரங்களில் விட்டார்கள். பிள்ளையை அணைத்துக்கொண்ட அந்தப் பெண் அதே தெருவில்தான் இருக்கிறாள், நல்லவள் என்றுதான் அங்கே பெயர். நடந்தது இன்னதென்று போலீஸ் வெளியிட்ட அறிவிப்பு யாருடைய ஃபோனிலும் தங்கவில்லை. அந்தப் படம் தங்கிவிட்டது. பள்ளி திறக்கிற மாதம் வந்தால் எங்கேயாவது ஒரு குரூப்பில் அது புதிதாகக் கிளம்புகிறது, ஒவ்வொரு தடவையும் வேறொரு ஊரின் பெயரோடு.

அடுத்த வருடம் எங்கள் பள்ளியை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்த பள்ளியோடு சேர்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் அந்தச் சாலையைக் கடக்க மாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை. பிள்ளைகள் கடக்கவும் இல்லை.

மகன் அவளைச் சேக்காட்டில் தன் வீட்டோடு வைத்துக்கொண்டான். எங்கள் குடியிருப்புக்குப் பக்கம் என்பதால் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். கூடத்தில் டிவியை ஓடவிட்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். மருமகள் காப்பி கொண்டுவந்தாள். அக்கா இடது கையால் வாங்கிக் குடித்தாள். கொஞ்ச நேரம் மெட்ரோ எப்போது ஓடும் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

“இன்னும் வலிக்குதாக்கா?”

“அடியா? அது இன்னா டீச்சர். பெரியவரும் வாங்கிகீறாரு.” டம்ளரைக் கீழே வைத்தாள். “அந்தப் பொண்ணு எங்க கீது?”

தெரியாது என்றேன். அடிபட்ட அன்று மாலையே மெட்ரோ காண்ட்ராக்டர் அந்தக் குடும்பத்தைக் கணக்கு முடித்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். எந்த ஊருக்கு என்று அவருக்கும் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை.

“அதுக்கு நம்ம பாஷை ஒண்ணும் புரியல. ஸ்கூலுக்குக் கூட்டினு போறேன்னுதான் அதுக்கு நான் காட்டினது. எழுதுற மாரி, துன்ற மாரி. சரின்னு ரிப்பன் கட்டிக்கினு வந்துச்சி. வழில இதப் பாத்துச்சி.” மடங்காத விரல்களைத் தடவிக்கொண்டாள். “ஸ்கூலுக்குப் போறதுன்னா இதுதான்னு தானே டீச்சர் அது நெனச்சிருக்கும்?”

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

“நாளைக்கு அது கீற ஊர்ல வேற யாராச்சும் வந்து கூப்ட்டா, போவுமா?”

“போகும்க்கா. சின்னப் பிள்ளை, மறந்திருக்கும்.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிற பிள்ளையை நான் வகுப்பில் பார்ப்பது போல.

“போவாது” என்றாள்.